மூடியைத் தெறந்து பாருங்க மச்சான்

முதலில் வந்தது நண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உடப்புசல்லாவைச் சந்தியில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, சவாரிக்கு ஆள் வராதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஜப்பானிலிருந்து மச்சான் ஒரு படம் அனுப்பியிருந்தார். சிவப்பு நண்டு, பஸ்ஸை விடப் பெரியது. ஒரு கொடுக்கை மட்டும் தூக்கிக்கொண்டு, போகிறவன் வருகிறவனையெல்லாம் வம்புக்கு இழுக்கிற மாதிரி ரோட்டோரத்தில் நின்றது. அதன் காலடியில் தீக்குச்சி அளவில் ஒரு மனுசன். விரலால் இழுத்துப் பெரிதாக்கிய பிறகுதான் அது என் அக்கா புருசன் என்று தெரிந்தது. இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு, அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கப் போனவர் மாதிரி விறைப்பாக நின்றார். படத்தோடு குரலும் வந்தது. இந்த ஊரில் நண்டு அதிகமாம், அதனால் நண்டைச் செய்து வைத்திருக்கிறார்களாம், அக்காவிடம் காட்டச் சொன்னார். நான் உடனே பதில் போட்டேன்: "நண்டு நல்லாத்தான் இருக்கு மச்சான். பக்கத்துல கெடக்குற கூனி எறா யாரு?"

எனக்கு அப்படித்தான் பேச வரும். பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு மேல் என்னை வைத்திருக்க எந்த வாத்தியாருக்கும் பொறுமை இருக்கவில்லை. வாய் ஒன்றுதான் நான் அங்கிருந்து கொண்டுவந்த சாமான். மச்சான் எனக்கு நேர் எதிர். கூப்பிட்டால் திரும்புவார், கேட்டால் சொல்வார், கேலி செய்தால் சிரிப்பார். தோட்டத்தில் அவர் மரமேறி. தேயிலைக்கு நடுவே நிற்கும் நிழல் மரங்களில் கயிறு இல்லாமல் ஏறி, உச்சியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கிளை கழிப்பார். மழைக்காலத்துக்கு முன்னால் அந்த வேலை வரும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் நமக்குத்தான் தலை சுற்றும். இறங்கி வந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஏதோ கடைக்குப் போய் வந்தவர் மாதிரி வெற்றிலை போடுவார்.

வீட்டில் அவருக்கும் சேர்த்து அக்கா பேசினாள். என் அக்காவின் வாயை நான் ஒருவன் சொன்னால் நம்பமாட்டீர்கள், தோட்டமே சொல்லும். மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டே கீழே எங்கள் வீட்டு வரிசை இருக்கிற லயத்தில் கோழியை விரட்டுவாள். கோழியும் ஓடும். அவள் திட்டாத நாளில் மச்சான் வந்து நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்ப்பார். மகளுக்கு இரண்டு வயதானபோது அவர் ஜப்பானுக்குப் போனார். தன்னை விடப் பத்து வயது குறைந்த பையன்களோடு அட்டனில் ஒரு வகுப்பில் உட்கார்ந்து, எழுத்து எழுத்தாக அந்தப் பாசையைப் படித்துத் தேறிப் போனார். அங்கே கிடைத்தது கோவா, அதாவது முட்டைக்கோசு, வெட்டுகிற வேலை. நுவரெலியாவில் இல்லாத கோவாவா என்று கேட்டேன். "எங்கயும் கோவாதான் மாப்புள. அங்க குளிர் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்" என்றார்.

அந்த நாட்டில் ஒவ்வொரு ஊரும் தன்னிடம் எது விளைகிறதோ, எது பேர்போனதோ, அதை மாடி உயரத்துக்குச் செய்து நடு ரோட்டில் வைத்துவிடுகிறதாம். யாரும் கும்பிடுவதில்லை, யாரும் சிரிப்பதும் இல்லை. மச்சானுக்கு அது பிடித்துப்போனது. ஞாயிறு ஞாயிறாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடிப் போனார். போனை ஒரு கல்லில் சாய்த்து வைத்து, அது எண்ணி முடிக்குமுன் ஓடிப்போய்க் கீழே நிற்பார். முலாம்பழம் வந்தது, அதற்குள் ஆள் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம். வயிறு தள்ளிய ஒரு மிருகம் வந்தது, நரியா நாயா என்று சந்தியில் இரண்டு கட்சி பிரிந்தது. லயம் அளவுக்கு நீளமான முள்ளங்கி வந்தது. நான் அந்தப் படங்களை ஆட்டோக்காரர்களுக்கும், தேநீர்க் கடைக்காரருக்கும், பஸ் ஏற நிற்கிறவர்களுக்கும் காட்டுவேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை கட்டுவேன். ஞாயிறு பத்து மணியானால் சந்தியில் என்னைச் சுற்றி ஆள் சேரும். "இன்னைக்கு என்னடா அனுப்பிச்சிருக்காரு?" என்று தோட்டத்தில் வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை கூட மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கேட்டிருக்கிறார். எனக்கு அது பெரிய பெருமையாக இருந்தது. படம் எடுத்தவர் அவர், பேர் வாங்கியவன் நான்.

கூட்டம் சேர்ந்தால் அது சும்மா இருக்காது, புதிதாக ஏதாவது கேட்கும். நானும் கேட்டேன். காலடியில் நிற்பது போதாது, கொடுக்கில் உட்காருங்கள் என்றேன். அவர் திரும்பப் போய் நண்டின் கொடுக்கில் உட்கார்ந்து ஒன்று அனுப்பினார். சந்தி சிரித்தது. அடுத்து முள்ளங்கியின் மேல் குதிரை மாதிரி உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். முகத்தில் அதே அடையாள அட்டை விறைப்பு, அதனால் சிரிப்பு இன்னும் கூடியது. ஜப்பான்காரர்கள் ஏசமாட்டார்களா என்று அக்கா கேட்டாள். அந்த ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை ஆள் நடமாட்டம் கிடையாது என்று அவர் சொன்னாராம். எனக்குத் தெரிந்தவரை அவர் தன் விருப்பத்துக்கு எதிலும் ஏறியதில்லை. ஏறியதெல்லாம் நான் கேட்டு ஏறியது.

மூன்று வருசம் முடிகிற நேரம் அது. இன்னும் ஒரு வருசம் இருந்துவிட்டு வருகிறேன் என்று ஒரு சனிக்கிழமை அவர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். மகளுக்கு அப்பன் முகம் போனில்தான் தெரியும் என்று அக்கா கத்தியது அடுத்த காம்பராவில் படுத்திருந்த எனக்குச் சுவர் வழியே கேட்டது. கடைசியாக அவள் சொன்னதும் கேட்டது. "வர வேணாம். அங்கயே கெடந்து சாவுங்க." எங்கள் லயத்தில் இந்தச் சொல் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை காற்றில் போகும். பிள்ளையைச் சொல்வார்கள், மாட்டைச் சொல்வார்கள், மழையைச் சொல்வார்கள். யாரும் அதைக் கையில் பிடித்துப் பார்ப்பதில்லை.

மறுநாள் ஞாயிறு. வந்தது ஒரு கேத்தல். இளம்பச்சை நிறத்தில், மூக்கும் கைப்பிடியும் மூடியுமாக, மூன்று மாடி உயரத்தில் தேத்தண்ணிக் கேத்தல். ஒரு மலை உச்சியில், பூங்கா மாதிரி ஓர் இடத்தின் ஓரத்தில், பள்ளத்தாக்குக்குத் தேத்தண்ணி ஊற்றுகிற மாதிரி நின்றது. மச்சானின் குரலில் அன்றைக்கு ஒரு குதூகலம் இருந்தது. இங்கேயும் தேயிலை மலை இருக்கிறது, நம்ம மலை மாதிரியே வரிசை வரிசையாக, ஆனால் கூடை கிடையாது, மெசின் வெட்டுகிறது என்றார். சந்தியில் அன்று எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். தோட்டத்துச் சனம் கேத்தலைப் பார்த்ததும் சும்மா விடுமா? ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாக்கிப் பதில் போட்டேன்.

"கேத்தல் பெருசுதான். உள்ள தேத்தண்ணி இருக்கா, சும்மா ஏமாத்துறாங்களா? மூடியத் தெறந்து பாருங்க மச்சான். மரமேறிக்கு இதெல்லாம் ஒரு ஒசரமா?"

கொஞ்ச நேரத்தில் அவர் குரல் வந்தது, போனைக் காதில் வைத்துக் கேட்டேன். பதினோரு வினாடி. "மழ தூறுது மாப்புள." அப்புறம் ஒரு சிரிப்பு. "சரி இரு. மேல போயி மூடிகிட்ட இருந்து ஒன்னு புடிச்சு அனுப்புறேன். எல்லாருக்கும் காட்டு."

காத்திருந்தேன். அதற்குள் வலப்பனைக்கு ஒரு சவாரி வந்தது, போய்விட்டேன். திரும்பி வந்தும் படம் வரவில்லை. "என்ன மச்சான், தேத்தண்ணியில விழுந்துட்டீங்களா?" என்று எழுதி அனுப்பினேன். அது ஒற்றைச் சரிக்குறியோடு நின்றது. இன்றைக்கும் அப்படியே நிற்கிறது.

திங்கட்கிழமை செய்தி வந்தது. அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த வலப்பனைச் சிங்கள அண்ணன்தான் எனக்குப் பேசினார். அவர் அழுதுகொண்டே சிங்களத்தில் சொன்னதை எனக்குள் தமிழில் போட்டுப் பார்க்க நேரம் எடுத்தது. பூங்கா ஓரத்துச் சுவருக்கு அப்பால், கீழே ரோட்டில், மச்சான் கிடந்திருக்கிறார். போன் சட்டைப் பையிலேயே நொறுங்கிப் போயிருந்தது. மேலே, கேத்தலுக்குப் பக்கத்தில், அவருடைய சப்பாத்து இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி, நுனி வெளியே பார்க்க ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. கால் மேஸைக் கழற்றி மடித்துச் சப்பாத்துக்குள்ளே வைத்திருந்தார். பொலிஸ்காரர்களுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. அந்த ஊரில் உயிரை விடப் போகிறவர்கள் சப்பாத்தைக் கழற்றி அப்படி ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் குதிப்பார்களாம். அது அவர்களுடைய வழக்கமாம். மல்லி என்று என்னைத் தம்பி முறையில் கூப்பிட்டு, உன் மச்சானுக்கு வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்.

எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. எங்கள் தோட்டத்தில் மரமேறி ஒருவர் ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி மரத்தடியில் சேர்த்து வைப்பார், நுனி வெளியே பார்க்க. வெறுங்காலுக்குத்தான் மரம் பிடி கொடுக்கும். இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பக்கம் கொழுந்து எடுக்க வருகிறவர்கள் செருப்பைக் கண்டால் கத்தியோடு மேலே ஆள் இருக்கிறது என்று தெரிந்து, அண்ணாந்து பார்த்து, விலகிப் போவார்கள். இருபது வருசம் அவர் அப்படித்தான் வைத்தார். மழையில் நனைந்த மரப்பட்டையைப் பிடிக்கிற கால், மழையில் நனைந்த பெயின்டைப் பிடிக்காது என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்? அவர் விழுந்தார். அவர்களோ, அவர் குதித்தார் என்று எழுதினார்கள்.

அதை நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அவர் ஏன் அதில் ஏறினார்? சந்தியில் நின்றவர்களில் பாதிப் பேர் வெளியூர்ப் பயணிகள். ஆட்டோக்காரர்களுக்கு நான் என்ன எழுதினேன் என்று தெரியாது, சிரித்தது மட்டும்தான் தெரியும். அவர் போன் உடைந்துவிட்டது. மிச்சம் இருந்தது என் போன் ஒன்று. நான் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு பழையதை ஆட்டோ சீட்டுக்கு அடியில் போட்டேன். அழிக்கத் தைரியம் வரவில்லை, கேட்கவும் தைரியம் வரவில்லை.

மச்சான் சாம்பலாகத்தான் வந்தார். வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பெட்டி, ஒரு கடிதம். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி கடிதத்தைத் தமிழில் வாசித்தார். தானே உயிரை மாய்த்துக்கொண்டதாக அதில் இருந்தது, சப்பாத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அக்கா அழவில்லை. என்னைப் பார்த்து, "நான்தான்டா சொன்னேன். சாவுங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றாள். பக்கத்தில் நின்றவர்களுக்கும் அது கேட்டது. பிறகு லயத்தில் அது சுற்றியது. அந்த வாய்க்கு எந்த மனுசன் தாங்குவான் என்று பீலிக்கரையில் பேசினார்கள். அவள் தண்ணீருக்குப் போனால் பேச்சை நிறுத்தினார்கள். நான் எல்லாவற்றையும் கேட்டேன். ஒரு சொல் சொல்லவில்லை.

அக்கா பேச்சை விட்டாள். ஊமையாகவில்லை. தேவைக்குப் பேசினாள், மெதுவாக, பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. மகளை ஒரு தடவை கூடத் திட்டவில்லை. சொல் வெளியே வந்தால் யாரையாவது கொன்றுவிடும் என்று நினைத்தாள் போல. கோழி அரிசி மூட்டையைக் கொத்தினால் எழுந்துபோய்க் கையால் தூக்கி வெளியே விட்டாள். நான் பழையபடி அவள் வீட்டில் சாப்பிட்டேன். அவளைச் சிரிக்க வைக்கிறேன் என்று என்னென்னவோ கோமாளித்தனம் செய்தேன். அவள் எனக்குச் சோறு போட்டுவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பதினாலு மாதம் அப்படிப் போனது. ஒரு பகல், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஒரு ஆளை இறக்கிவிடப் போயிருந்தேன். கொழுந்து லொறி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அக்கா மகள் எதையோ துரத்திக்கொண்டு நேரே அதன் சக்கரத்துக்குப் போனாள். அக்கா பத்தடி தூரத்தில், தலையில் கூடையோடு நின்றாள். கண்டுவிட்டாள். பழைய அக்காவாக இருந்தால் அவள் போட்ட சத்தத்தில் லொறியே நின்றிருக்கும். அவள் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். வேறொரு பெண் பாய்ந்து பிள்ளையை இழுத்தாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. நான் ஆட்டோவிலிருந்து இறங்கக் கூட இல்லை. பொத்திய கையை அவள் எடுக்காமலே நின்றாள்.

அன்றைக்கே பழைய போனை எடுத்து மின்சாரம் ஏற்றினேன். மறுநாள் மத்தியானம் அவள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது போய் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் எழுதியதை வாசித்தேன். அவர் குரலைப் போட்டேன். ரொட்டி கருகியது, அவள் எடுக்கவில்லை.

"இன்னொருக்கா போடு."

போட்டேன். நாலு தடவை கேட்டாள்.

"சிரிக்கிறாருல்ல?"

"ஆமாக்கா."

"சப்பாத்த எப்புடி வச்சிருந்தாராம்?"

வாசலில் கிடந்த என் செருப்பைச் சேர்த்து, நுனி வெளியே பார்க்க வைத்துக் காட்டினேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல ஆளு இருக்குன்னு வச்சிருக்காரு" என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். ஏன் ஒளித்தாய் என்று கேட்டாள். எதற்கும் பதில் வைத்திருக்கிற எனக்கு அன்றைக்குப் பயம் என்ற ஒரு சொல்தான் வந்தது. "பதினாலு மாசம். நான்தான் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். நீ எதுத்தாப்புல ஒக்காந்து சோறு தின்ன." அவள் குரல் அப்போதும் உயரவில்லை. "நாளைக்குப் பெரட்டுக்கு வா. எனக்கு மட்டும் சொல்லி என்ன செய்ய?"

போகாமல் இருந்திருக்கலாம். அட்டனுக்கோ கொழும்புக்கோ ஓடியிருக்கலாம். அதையும் யோசித்தேன், மறைக்கவில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் கூடியிருந்தார்கள். பனி இன்னும் விலகவில்லை. அக்கா கணக்கப்பிள்ளையிடம் போய், என் தம்பி ஒன்று சொல்லணும் என்றாள். அவர் பேர்ப் புத்தகத்தை மூடினார். சந்தியில் பத்துப் பேருக்கு நடுவே கதை கட்டியவன், இங்கே ஒன்றையும் கட்டாமல் நடந்ததை மட்டும் சொன்னேன். கேத்தல், மூடி, மழை, சப்பாத்து. போனை உயர்த்தி அவர் குரலையும் போட்டேன். பின்னால் நின்றவர்களுக்குச் சொல் கேட்டிருக்காது, ஆனால் சிரிப்பு கேட்டிருக்கும்.

மரமேறிகள் மூன்று பேர் ஒரு பக்கமாக நின்றார்கள். அவர்களில் மூத்தவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "கழட்டி வச்சிட்டுத்தான்டா ஏறுவான். பதினாலு மாசமா ஒரு பய வந்து நம்மகிட்டக் கேக்கலியே" என்றார். பீலிக்கரையில் பேசிய பெண்கள் தலையில் இருந்த துண்டைச் சரிசெய்துகொண்டார்கள்.

அப்போது அக்கா தொடங்கினாள். என்னைத்தான் திட்டினாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்து அத்தனை மாதம் ஆகியிருந்ததால் முதலில் அது உடைந்து உடைந்து வந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. நான் பிறந்த நாளிலிருந்து தொடங்கி, பள்ளிக்கூடம், சந்தி, என் வாய், என் சிரிப்பு, நான் தின்ற சோறு என்று ஒன்றையும் விடவில்லை. பனிக்குள் அது மேல் மலைவரை போய்த் திரும்பி வந்தது. கடைசியில் எல்லாரையும் பார்த்து, "எம் புருசன் என்னைய விட்டுட்டுப் போகல. இவன் அனுப்புனான்" என்றாள். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடவில்லை. அன்று வேலை முக்கால் மணி நேரம் பிந்தித்தான் தொடங்கியது. யாரும் என்னைத் தொடவில்லை. ஒருவர் பின் ஒருவராக என்னைச் சுற்றிக்கொண்டு நடந்து மலைக்குப் போனார்கள்.

ஜப்பான் பொலிஸ் எழுதியது எழுதியதுதான். மாற்ற வழி இருக்கிறதா என்று அந்தச் சிங்கள அண்ணன் விசாரித்தார், பதில் வரவில்லை. தோட்டத்தில் இப்போது யாரும் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பீலிக்கரையில் அக்காவுக்கு இடம் விடுகிறார்கள். சந்தியில் ஞாயிற்றுக்கிழமை யாரும் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. என் ஆட்டோவில் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். நானும் வண்டி ஓட்டுகிற வேலையை மட்டும் பார்க்கிறேன். அக்கா பெரட்டுக் களத்தில் பேசியதற்குப் பிறகு என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. வருசம் ஒன்றாகிறது.

போன வாரம் லயத்துக்குக் கீழே உள்ள வளைவில் ஆட்டோவை நிறுத்தினேன். அக்கா மகள் என்னைக் கண்டுவிட்டாள். ஏழு வயது. "மாமா" என்று கத்திக்கொண்டு படிக்கட்டில் இறங்கி ஓடி வந்தாள். பாதியில் வரும்போது மேலிருந்து அக்காவின் அந்தப் பழைய சத்தம் வந்தது.

"ஏய், அங்க போகாத. ஏறி வாடி."

பிள்ளை சட்டென்று நின்றது. என்னைப் பார்த்தது, மேலே பார்த்தது. பிறகு திரும்பி ஏறிப் போனது.